பதினாறு பாத்தி, எண்பத்தொரு கட்டம்

கிணத்துக்கடவுப் பக்கம் ஒரு தோட்டத்தில் நான்கு தக்காளி ரகங்களை நட்டுச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கோயமுத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 3 ஒன்று, பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1 ஒன்று, விதைக்கடையில் வாங்கிய வீரிய ஒட்டு ரகங்கள் இரண்டு. எது அதிகம் காய்க்கிறது என்பதுதான் கேள்வி. நிலத்தை நாலாகப் பிரித்து மூலைக்கு ஒரு ரகம் நட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். முடியாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது. ஆனி, ஆடியில் மேற்கு வரப்போரச் செடி படும் பாடு கிழக்கோரச் செடிக்குக் கிடையாது. வாய்க்கால் வடக்கு வரப்பை ஒட்டி ஓடினால் வடக்குப் பாத்திக்கு முதல் தண்ணீர், தெற்குப் பாத்திக்குக் கடைத் தண்ணீர். தென்மேற்கு மூலையில் நட்ட ரகம் காய்க்காமல் போனால் குற்றம் ரகத்தின் மீதா, காற்றின் மீதா, தண்ணீரின் மீதா?

இந்தச் சிக்கலுக்கு 1920-களில் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் இருந்த ஆர்.ஏ. ஃபிஷர் ஒரு வழியைப் பரப்பினார். நிலத்தைப் பதினாறு பாத்திகளாக வெட்டு. கிழக்கு மேற்காக ஓடும் ஒவ்வொரு வரிசையிலும் நான்கு ரகமும் ஒருமுறை வர வேண்டும், வடக்கு தெற்காக ஓடும் ஒவ்வொரு வரிசையிலும் அப்படியே. எல்லா ரகமும் காற்றில் ஒரு பங்கு, தண்ணீரில் ஒரு பங்கு வாங்கிவிடும். ஒப்பிடும்போது அந்த வேறுபாடுகளைக் கழித்துவிடலாம். இந்த அமைப்புக்கு இலத்தீன் சதுரம் என்று பெயர்.

இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரே தோட்டத்தில் ஒரு மூலை செம்மண்ணாகவும் இன்னொரு மூலை கரிசலாகவும் இருப்பது நம் பக்கத்தில் அதிசயமில்லை. அப்போது, பதினாறு பாத்தியை நாலு நாலாகச் சேர்த்த நான்கு கால்பகுதிகளிலும் ஒவ்வொரு ரகமும் ஒருமுறை வர வேண்டும் என்று மூன்றாவது நிபந்தனை போட்டுக்கொள்ளலாம். ஜெர்மனியைச் சேர்ந்த டபிள்யூ.யு. பெஹ்ரன்ஸ் 1956-இல் இப்படிப்பட்ட வயல் அமைப்புகளை எழுதி வைத்தார். நான்கு ரகத்துக்குப் பதில் ஒன்பது ரகம், பதினாறு பாத்திக்குப் பதில் எண்பத்தொரு பாத்தி என்று விரித்தால், நாளிதழில் நாம் தினமும் பார்க்கும் முடித்த சுடோக்கு அதுதான். 2008-இல் பெய்லி, கேமரான், கானலி ஆகிய மூன்று கணிதவியலாளர்கள் இந்த உறவை விரிவாக ஆராய்ந்து ஒரு கட்டுரையே எழுதினார்கள். (இன்றைய வயல் சோதனைகள் பெரும்பாலும் இதைவிட எளிய அமைப்புகளில்தான் நடக்கின்றன. எண்பத்தொரு பாத்திக்கு நிலமும் ஆளும் யாரிடம் இருக்கிறது!)

ரகத்தோடு உரத்தையும் சேர்த்துச் சோதிக்க ஆசைப்பட்டால் கதை இன்னும் சுவையாகும். ஒவ்வொரு ரகமும் ஒவ்வொரு உரத்தையும் சரியாக ஒருமுறை சந்திக்க வேண்டும். வரிசைகளில் ரகமும் திரும்ப வரக்கூடாது, உரமும் திரும்ப வரக்கூடாது. நான்கு ரகம், நான்கு உரம் என்றால் முடியும். ஆறுக்கு ஆறு முடியாது. 1782-இல் ஆய்லர் இதை 36 ராணுவ அதிகாரிகளை அணிவகுக்கும் புதிராகச் சொன்னார், 10, 14 போன்ற எண்களுக்கும் முடியாது என்று ஊகித்தார். அந்த ஊகத்தை 1959-60இல் உடைத்த மூவரில் இருவர் நம் நாட்டவர்: ஆர்.சி. போஸ், எஸ்.எஸ். ஸ்ரீகண்டே. மூன்றாமவர் இ.டி. பார்க்கர். இரண்டும் ஆறும் தவிர மற்ற எல்லா எண்ணுக்கும் அமைப்பு உண்டு என்று காட்டிவிட்டார்கள். போஸ் அதற்கு முன் கொல்கத்தாவில் மஹலனோபிஸின் புள்ளியியல் நிறுவனத்தில் வயல் சோதனைகளின் கணிதத்தில்தான் ஊறியிருந்தார். அடைபட்டுப்போன அந்த ஆறுக்கும் ஒரு குவாண்டம் வழி இருப்பதாக 2022-இல் நிறுவிய குழுவில் சென்னை ஐஐடி-யின் அருள் லட்சுமிநாராயணனும் சுஹைல் அகமது ராதரும் இருந்தார்கள். அதை விளக்கப் போனால் இந்தக் கட்டுரை திரும்பி வராது.

சுடோக்குவுக்கு வருவோம். வயலிலிருந்து தொடங்கியதற்குக் காரணம் உண்டு. "எனக்குக் கணக்கு வராது, சுடோக்கு எதற்கு?" என்று ஒதுங்குபவர்கள் நிறைய. அதில் கணக்கே இல்லை. கூட்டுவதில்லை, பெருக்குவதில்லை. 1, 2, 3 என்ற இடத்தில் கோ 3, பி.கே.எம். 1 என்று எழுதினாலும் புதிர் மாறாது. எது எங்கே உட்காரலாம், எங்கே உட்காரக்கூடாது என்பது மட்டுமே விஷயம். இன்றைய வடிவில் இதைப் புதிராக்கியவர் ஹோவர்ட் கார்ன்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர். 1979-இல் டெல் நிறுவனத்தின் புதிர் இதழில் வந்தது. 1984-இல் ஜப்பானின் நிகோலி இதழ் எடுத்துக்கொண்டது. ஹாங்காங்கில் நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற வேய்ன் கூல்ட், புதிர்களைத் தானே உருவாக்கும் கணினி நிரல் ஒன்றை எழுதி லண்டன் டைம்ஸ் நாளிதழிடம் கொடுத்தார். அங்கே 2004 நவம்பர் 12-இல் தொடங்கிய பின் உலகமெல்லாம் பரவியது. உலக சுடோக்குப் போட்டி 2008-இல் கோவாவிலும் 2017-இல் பெங்களூரிலும் நடந்திருக்கிறது.

முதலில் சின்னதாக ஒன்று. நான்குக்கு நான்கு கட்டம். ஒவ்வொரு கிடை வரிசையிலும், ஒவ்வொரு நெடு வரிசையிலும், இரண்டுக்கு இரண்டான ஒவ்வொரு பெட்டியிலும் 1 முதல் 4 வரை ஒருமுறை வர வேண்டும்.

3 – | – –
– – | – 1
– – | 2 –
– 4 | – –

பென்சிலை எடுப்பதற்கு முன் ஒரு விஷயம். புதிதாகத் தொடங்குபவர்கள் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: ஏதோ ஒரு காலிக் கட்டத்தை முறைத்துப் பார்த்து "இதில் என்ன வரும்?" என்று கேட்பார்கள். இரண்டு, மூன்று எண்கள் வரலாம் என்று தெரியும், அங்கேயே நிற்பார்கள். கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். "இந்தப் பெட்டியில் 1 எங்கே வரும்?" இடத்துக்கு எண் தேடாமல் எண்ணுக்கு இடம் தேடுவது. கண்ணுக்கு இது பல மடங்கு எளிது.

மேலே இடப்பக்கப் பெட்டியில் 1 எங்கே? இரண்டாம் வரிசையில் ஏற்கெனவே 1 இருக்கிறது, அந்த வரிசை போயிற்று. முதல் வரிசையில் ஒரு கட்டத்தில் 3 உட்கார்ந்திருக்கிறது. மிச்சம் ஒரே கட்டம்: 3-க்குப் பக்கத்தில். எழுதிவிடலாம். மேலே வலப்பக்கப் பெட்டியில் 2 எங்கே? மூன்றாம் நெடு வரிசையில் கீழே 2 இருப்பதால் அந்த நெடு வரிசை கிடையாது. நான்காவதில் ஒரு கட்டத்தில் 1 இருக்கிறது. ஆகவே மேல் வலது மூலையில் 2. இப்போது முதல் வரிசை 3, 1, காலி, 2 என்று நிற்கிறது. காலியில் 4-ஐத் தவிர வேறு வழியில்லை. அதன் கீழே 3. இதே போக்கில் போனால் இரண்டாம் வரிசை 4, 2, 3, 1. மூன்றாவது 1, 3, 2, 4. நான்காவது 2, 4, 1, 3. எங்கேயும் ஊகம் இல்லை, அழிப்பான் தேவையில்லை.

ஒன்பதுக்கு ஒன்பதிலும் இதேதான், கொஞ்சம் பொறுமை கூட வேண்டும். மேல் மூன்று வரிசைகளை மட்டும் பாருங்கள்:

5 – – | – 8 – | – – 2
– 4 8 | 2 – – | – 5 –
– 2 9 | 1 – – | 8 – –

இந்தத் துண்டில் 5 இரண்டு முறை வந்திருக்கிறது. முதல் வரிசையில் இடப்பெட்டியில், இரண்டாம் வரிசையில் வலப்பெட்டியில். அப்படியானால் நடுப்பெட்டியின் 5 மூன்றாம் வரிசையில்தான் உட்கார முடியும். அங்கே 1 ஒரு கட்டத்தைப் பிடித்துக்கொண்டது; மிச்சம் ஐந்தாம் கட்டமும் ஆறாம் கட்டமும். ஆறாம் நெடு வரிசையில் கீழே எங்கோ ஒரு 5 இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தது, 5 ஐந்தாம் கட்டத்தில். மூன்று பெட்டிகள் கொண்ட ஒரு பட்டையில் ஏதாவது எண் இரண்டு முறை வந்திருந்தால், மூன்றாவதற்கு அதிகபட்சம் மூன்றே இடம் என்பதுதான் இதிலுள்ள சூட்சுமம். ஆகையால் புதிரைப் பார்த்ததும் எந்த எண் அதிகம் தெரிகிறதோ அதிலிருந்து தொடங்குங்கள். கிடையாக மூன்று பட்டை, நெடுவாக மூன்று பட்டை, ஆறையும் அந்த ஒரு எண்ணுக்காக ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்த எண்ணுக்குப் போகலாம். நாளிதழ்களில் 'எளிது' என்று போடும் சுடோக்குகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு ஓட்டத்திலேயே நிரம்பிவிடும். உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறியவர் கிணத்துக்கடவில் இறங்குவதற்குள் முடித்துவிடலாம், உட்கார இடம் கிடைத்தால்.

எண்ணுக்கு இடம் தேடுவது வற்றிப்போகும்போது முதல் கேள்விக்குத் திரும்பலாம்: இந்த இடத்துக்கு என்ன எண்? இங்கே ஒரு தேர்வு வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் கிடை வரிசையில் 8, நெடு வரிசையில் 8, பெட்டிக்குள் மிச்சம் 4 என்று மொத்தம் 20 கட்டங்கள் உறவு. அந்த இருபதில் எட்டு வெவ்வேறு எண்கள் வந்துவிட்டிருந்தால் ஒன்பதாவது எண் உங்களுடையது. கூட்டம் அதிகமாக உள்ள இடத்தில் இருக்கும் காலிக் கட்டத்தைத்தான் கேட்க வேண்டும். பொட்டல் நடுவே இருக்கும் கட்டத்தைக் கேட்டுப் பயனில்லை.

அடுத்த படி, எண் எங்கே என்று தெரியாமலே அதைப் பயன்படுத்துவது. எனக்கு சுடோக்குவில் மிகவும் பிடித்த இடம் இதுதான். அதே துண்டில் 6-ஐத் தேடுவோம். இடப்பெட்டியில் காலி நான்கு: முதல் வரிசையில் இரண்டு, இரண்டாம், மூன்றாம் வரிசைகளின் முதல் கட்டங்கள். முதல் நெடு வரிசையில் கீழே 6 இருக்கிறது என்றால் பின்னவை இரண்டும் போயிற்று. 6 முதல் வரிசையின் இரண்டாம் கட்டமா, மூன்றாம் கட்டமா? தெரியாது. ஆனால் எப்படிப் பார்த்தாலும் முதல் வரிசையின் 6 இடப்பெட்டிக்குள் அடங்கிவிட்டது. எனவே நடுப்பெட்டியிலும் வலப்பெட்டியிலும் முதல் வரிசையில் 6 வரவே வராது. இப்போது நடுப்பெட்டிக்கு வாருங்கள். ஆறாம் நெடு வரிசையிலும் கீழே 6 இருக்கிறது என்று வைத்தால், 5 உட்கார்ந்த பின் 6-க்கு மிஞ்சியவை முதல் வரிசையின் நான்காம் கட்டமும் இரண்டாம் வரிசையின் ஐந்தாம் கட்டமும். முதல் வரிசை ஏற்கெனவே அடைபட்டுவிட்டது. 6 இரண்டாம் வரிசையின் ஐந்தாம் கட்டத்தில். இடப்பெட்டியில் 6 எங்கே என்று இன்னும் நமக்குத் தெரியாது என்பதைக் கவனியுங்கள்.

இதற்குமேல் மனதிலேயே வைத்துக்கொண்டு ஓட்டுவது கடினம். கட்டத்தின் ஓரத்தில் வரக்கூடிய எண்களைப் பொடியாக எழுதிக்கொள்ள வேண்டும். எல்லாக் கட்டத்திலும் எல்லா வாய்ப்பையும் தொடக்கத்திலேயே எழுதித் தள்ளுபவர்கள் உண்டு. தாள் எறும்பு மொய்த்த மாதிரி ஆகி, எளிதாக விழ வேண்டியதும் கண்ணில் படாமல் போகும். இரண்டே வாய்ப்பு உள்ள கட்டங்களில் மட்டும் எழுதுங்கள் என்பேன் நான். அதுவே ஜோடிகளைக் காட்டிக்கொடுக்கும்.

ஜோடி என்றால்? அதே மூன்றாம் வரிசை. இப்போது காலி நான்கு: முதல் கட்டம், ஆறாவது, எட்டாவது, ஒன்பதாவது. வர வேண்டிய எண்கள் 3, 4, 6, 7. முதல் கட்டத்தில் 6 வராது, நெடு வரிசையில் கீழே இருக்கிறது. 4-உம் வராது, அதே பெட்டியில் இருக்கிறது. மிச்சம் 3 அல்லது 7. ஆறாம் கட்டத்திலும் 6 வராது. கொஞ்ச நேரத்தில் ஆறாம் நெடு வரிசையில் கீழே ஒரு 4-உம் விழுந்துவிட்டது என்று கொள்வோம். அங்கேயும் 3 அல்லது 7. ஆக, இந்த இரண்டு கட்டங்களும் 3, 7 இரண்டையும் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளப் போகின்றன. யாருக்கு எது என்பது பிறகு தெரியட்டும். வரிசையின் மற்ற இரு கட்டங்களுக்கு 3-உம் 7-உம் கிடையாது; அவற்றுக்கு 4-உம் 6-உம்தான். ஒரு எண்கூடத் தீர்மானமாகவில்லை, ஆனால் வலப்பெட்டியின் மற்ற கட்டங்களில் 4, 6 இரண்டையும் அழித்துவிடலாம். 'நடுத்தரம்' என்று போட்டிருக்கும் புதிர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் முடிச்சு போட்டிருக்கும்.

மாட்டிக்கொண்டால் ஊகித்துப் போடலாமா? போடாதீர்கள். ஊகம் தப்பானால் அது அங்கேயே தெரிவதில்லை. முப்பது கட்டம் தள்ளி ஒரே வரிசையில் இரண்டு 9 வரும்போதுதான் தெரியும். எந்த இடத்தில் வழி தவறியது என்று அப்போது கண்டுபிடிக்க முடியாது. பேனாவால் போடுபவர்களுக்கு அன்றைய நாளிதழே போச்சு. நகர மறுத்தால் தாளை அப்படியே வைத்துவிட்டு, கடைசியாக விழுந்த எண்ணின் இருபது உறவுகளையும் ஒருமுறை சுற்றி வாருங்கள். பெரும்பாலும் அந்த எண் திறந்துவிட்ட ஒரு கதவை நாம் பார்க்காமல் தாண்டியிருப்போம்.

கொடுத்திருக்கும் எண்கள் குறைவாக இருந்தால் புதிர் கடினம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது சரியில்லை. பதினேழே எண்கள் கொண்ட புதிர்களில் பலவற்றை மேலே சொன்ன முதல் இரண்டு கேள்விகளை வைத்தே முடித்துவிடலாம். முப்பதுக்கு அருகில் எண்கள் கொடுத்தும் மண்டையை உடைப்பவை இருக்கின்றன. எத்தனை கொடுத்தார்கள் என்பதைவிட எங்கே கொடுத்தார்கள் என்பதுதான் கணக்கு.

பதினேழு என்பது சும்மா சொன்ன எண்ணும் இல்லை. நிரம்பிய சுடோக்குகள் மொத்தம் 6,670,903,752,021,072,936,960 என்று ஃபெல்கன்ஹவரும் ஜார்விஸும் 2005-இல் எண்ணிச் சொன்னார்கள். திருப்பிப் போட்டால், பட்டைகளையோ ஒரு பட்டைக்குள் உள்ள வரிசைகளையோ இடம் மாற்றினால், எண்களை ஒன்றுக்கொன்று மாற்றினால் ஒன்றாகிவிடுபவற்றை ஒன்றாகவே கொண்டால் 5,472,730,538 மிஞ்சும். டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் கேரி மெக்குவயரும் கூட்டாளிகளும் இத்தனையையும் ஒன்றுவிடாமல் கணினியில் அலசி, பதினாறு எண்கள் மட்டும் கொடுத்து ஒரே விடை வரும் சுடோக்கு ஒன்றுகூடக் கிடையாது என்று 2012-இல் அறிவித்தார்கள். காகிதத்தில் எழுதிப் படிக்கத் தக்க நிரூபணம் இல்லை அது, சலித்தெடுத்த நிரூபணம்.

ஆனால் அதன் ஒரு சின்னப் பகுதியைக் கணினி இல்லாமலே நாம் நிரூபித்துவிடலாம். கொடுத்த எண்களில் 1 முதல் 9 வரை உள்ளவற்றில் குறைந்தது எட்டு வகையாவது வந்திருக்க வேண்டும். 7-உம் 9-உம் ஒரு இடத்தில்கூடக் கொடுக்கப்படவில்லை என்று வையுங்கள். விடை ஒன்று கிடைக்கிறது. அதில் எல்லா 7-ஐயும் 9 ஆக்கி, எல்லா 9-ஐயும் 7 ஆக்கினால்? விதி எதுவும் மீறப்படவில்லை, கொடுத்த எண் எதுவும் மாறவில்லை. இரண்டாவது விடை வந்துவிட்டது. அப்படிப்பட்ட புதிரை அச்சிட்டவர் ஏமாற்றிவிட்டார் என்று அர்த்தம்.

நான்குக்கு நான்கில் இதே வாதத்தின்படி குறைந்தது மூன்று வகை எண் வர வேண்டும். நிரம்பிய நான்குக்கு நான்கு சுடோக்குகள் மொத்தமே 288. கால்பகுதி நிபந்தனை இல்லாத இலத்தீன் சதுரமாகப் பார்த்தால் 576. ஒரே விடை வர வேண்டுமானால் நான்கு எண்களுக்குக் குறைத்துக் கொடுக்க முடியாது. நாம் மேலே போட்ட புதிர் அந்தக் கடைசி எல்லையில்தான் நிற்கிறது. அதிலிருந்து 4-ஐ மட்டும் அழித்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள். ஆறு கட்டங்கள் பழையபடி தாமாகவே விழும். மற்ற ஏழும் ஆட்டம் காணும், மூன்று விடைகள் வரும். மூன்றையும் கண்டுபிடிக்க முடிகிறதா என்று பாருங்கள்.